ராசம்மாள் கேட்ட பாடம்

ஏற்காட்டு மலையில் தலைச்சோலை என்ற ஊரில் ராசம்மாளைப் பற்றி விசாரித்தால், அவள் யாரோடும் ஒட்டாதவள் என்றுதான் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். யாரோடும் ஒட்டாமல் இருப்பதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது. அவளுக்கு அந்த வசதியெல்லாம் எங்கே இருந்தது? ஒட்டுவதற்கு ஆள் இல்லாமல் போனது, அவ்வளவுதான் விஷயம்.

அவள் புருஷன் கருப்பண்ணன் காப்பித் தோட்டத்தில் நிழல் மரம் கழிக்கிறவன். மழைக்கு முன்னால் சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் கிளைகளை வெட்டி, கீழே இருக்கும் காப்பிச் செடிகளுக்கு வெளிச்சம் இறங்கும்படி செய்ய வேண்டும். ஒரு சித்திரை மாதத்தில் கிளையோடு அவனும் இறங்கிவிட்டான். மகள் காவேரி அப்போது கைக்குழந்தை. காரியத்துக்கு வந்த இரண்டு பக்கத்துச் சொந்தமும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, "அடிக்கடி வந்து பாக்கறமுங்க" என்று சொல்லிப் போனார்கள். அந்தச் சொந்தம் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது, பாவம், வழியில் என்ன தடங்கலோ. புருஷன் ஏறிய மரத்தடியிலேயே ராசம்மாள் களை வெட்டவும் பழம் பறிக்கவும் போனாள்.

எழுபதுகளின் நடுவில் ஏற்காட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒரு வகுப்பு வைத்தார்கள். ஏற்கெனவே அங்கே தமிழில் படிக்கிற வகுப்பு தனி, இங்கிலீஷில் படிக்கிற வகுப்பு தனி. இந்தப் புது வகுப்பில் காலையில் எல்லாப் பாடமும் தமிழில், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு எல்லாம் இங்கிலீஷில். தோட்டத்து ஆட்களின் பிள்ளைகளையும் மலைக்காட்டு விவசாயிகளின் பிள்ளைகளையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். காவேரியும் சேர்ந்தாள். அந்த வகுப்புக்கு ஜெயமேரி டீச்சர். முதல் வகுப்பிலிருந்து ஐந்தாவது வரை அதே பிள்ளைகளோடு அவரும் கூடவே ஏறி வருவார் என்று ஏற்பாடு.

சேர்த்த அன்றே ஜெயமேரி டீச்சர் தாய்தகப்பன்மார்களை நிற்க வைத்து ஒரு கட்டளை போட்டார். "தெனம் சாயந்தரம் புள்ளைங்க ஊட்ல சத்தம் போட்டுப் படிக்கணும். முதல்ல தமிழ்ப் பாடம், அப்புறம் இங்கிலீஷ் பாடம். யாராச்சும் ஒருத்தர் உக்காந்து கேக்கணும். உங்களுக்குப் படிக்கத் தெரியுதா தெரியலையாங்கறது முக்கியமில்லீங்க. காது இருந்தாப் போதும்."

மற்றவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய் மறந்தார்கள். ராசம்மாள் மறக்கவில்லை. அவளுக்கு எழுத்து தெரியாது. காது இருந்தது. அந்தக் காதோடு பேச வேறு யாரும் இல்லை.

சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்து, கை கால் கழுவி, அடுப்பைப் பற்ற வைத்து, களிக்கு உலை ஏற்றிவிட்டு, "ம், ஆரம்பி கண்ணு" என்பாள். காவேரி அடுப்புக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து விரலை வைத்துப் படிப்பாள். முதல் வருஷம் அந்தப் படிப்பு, சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் முக்கி முனகி ஏறுகிற பஸ் மாதிரி இருந்தது. எழுத்து எழுத்தாக நின்று நின்று ஏறும். குரல் எங்கே இழுக்கிறதோ அங்கே ராசம்மாள் அகப்பையை நிறுத்துவாள். "அங்க என்னமோ தடங்குது. மறுபடி போ."

"எப்படிம்மா உங்களுக்குத் தெரியுது?"

"கேட்டாத் தெரியாதா?"

இங்கிலீஷ் பாடமும் அப்படித்தான். அர்த்தம் ஒன்றும் தெரியாது. ஆனால் எங்கே ஓடுகிறது, எங்கே தள்ளாடுகிறது என்பது காதுக்குத் தெரிந்தது. கேட்டுக் கேட்டுச் சில வரிகள் அவள் வாயிலேயே ஏறிவிட்டன. பழம் பறிக்கும்போது தன்னை மறந்து அவற்றை முணுமுணுப்பாள். கூட இருந்த பெண்கள் "வெள்ளக்காரத் தொரசானி வந்துட்டாங்க, வழி விடுங்க" என்று கேலி செய்தார்கள். ராசம்மாளுக்கு அந்தக் கேலி உள்ளுக்குள் தித்தித்தது. தனக்கென்று ஒரு கேலி கிடைப்பதுகூட ஒரு துணைதானே.

இரண்டாவது வருஷம் தமிழ்ப் படிப்பு சமதரையில் ஓட ஆரம்பித்தது. கதை என்று ஒன்று வந்தது. ராசா, நரி, ஏமாந்த வியாபாரி, பொய் சொன்ன மருமகள். சாயங்காலம் எப்போது வரும் என்று ராசம்மாள் காப்பிச் செடிக்கு நடுவில் நின்று சூரியனைப் பார்த்தாள். பகல் முழுக்க வாய் திறக்காமல் வேலை செய்த பெண்பிள்ளை, அடுப்படியில் "அய்யோ, அந்தக் கெழவனை நம்பாத" என்று நரிக்குப் புத்தி சொன்னாள்.

மூன்றாவது வகுப்பில்தான் சங்கடம் வந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே இங்கிலீஷ் பக்கத்தை வாசிக்க வைத்துப் பார்த்தார்கள். இங்கிலீஷ் வகுப்புப் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பித்தார்கள். ஜெயமேரி டீச்சரின் பிள்ளைகள் பாதி வழியில் மூச்சு வாங்கினார்கள். தோட்டத்தில் ஆட்கணக்கு எழுதும் ரைட்டர் பெரியசாமியின் மகன் இங்கிலீஷ் வகுப்பு. காலையில் ஆட்களின் பேரைக் கூப்பிட்டு வருகை எடுக்கும்போது பெரியசாமி எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"ஏம்மா ராசம்மா, ரெண்டையும் போட்டுக் கொழப்பினா எப்படி ஏறும்? தமிழை விட்டுப்போட்டு இந்தப் பக்கம் மாத்தி உடு. இல்லாட்டி ரெண்டுங்கெட்டானாப் போயிரும்."

பல பேர் மாற்றினார்கள். டீச்சர் கெஞ்சினார். "இந்தப் புள்ளைங்க முதல்ல பின்னாடிதானுங்க இருக்கும். ரெண்டு வேரும் புடிக்கோணுமில்ல. அஞ்சாவது வரைக்கும் பொறுத்திருங்க." மாற்றியவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. ராசம்மாள் மாற்றவில்லை. டீச்சர் சொன்ன வேர்க் கதையெல்லாம் அவளுக்கு விளங்கியது என்று நான் சொன்னால் அது பொய். தமிழ்ப் பாடத்தை எடுத்துவிட்டால் சாயங்காலத்தில் கதை நின்றுவிடும் என்று அவளுக்கு விளங்கியது. அவள் ஆசை அவளுக்கு. அந்த ஆசை மகளுக்கும் நல்லதாகவே முடிந்தது என்பது வேறு விஷயம்.

காவேரி ஐந்தாவது போன வருஷம், மழை பிடித்துக்கொண்ட சமயம், ஒருநாள் சாயங்காலம் "ஆரம்பி கண்ணு" என்றாள் ராசம்மாள். காவேரி புத்தகத்தை விரித்தாள். உட்கார்ந்தாள். சத்தம் வரவில்லை.

ராசம்மாள் களியைக் கிளறி இறக்கிவிட்டுத் திரும்பினாள். மகள் அப்படியே இருந்தாள். வாய் மூடியிருந்தது. பக்கம் மட்டும் அவ்வப்போது திரும்பியது.

"என்ன கண்ணு, படிக்கலையா?"

"படிச்சுட்டுத்தானுங்கம்மா இருக்கறேன்."

"எங்க படிக்கறே?"

"மனசுக்குள்ளார."

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். ராசம்மாள் அறிந்த படிப்பெல்லாம் சத்தமுள்ள படிப்பு. டீக்கடையில் பேப்பர் படிப்பவர் சத்தமாகப் படிப்பார். வேதக்காரர்களின் மாதா கோயில் வழியாகப் போனால் உள்ளே யாராவது சத்தமாகப் படிப்பார்கள். கோர்ட்டு நோட்டீஸ் வந்தால் ரைட்டர் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டி எல்லாரையும் பயமுறுத்துவார். வாயை மூடிக்கொண்டு ஒருத்தர் படித்து அந்த மலையில் அவள் பார்த்ததே இல்லை. சோறு தின்னாமல் மனசுக்குள் பசியாறிவிட்டேன் என்று சொல்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. பிள்ளைக்குப் படிப்பு மறந்துவிட்டது, வெளியில் சொல்ல வெட்கப்பட்டு ஜாலம் பண்ணுகிறாள் என்று முடிவு கட்டினாள்.

"பொய் சொல்லாத சாமி. தெரியலீன்னாத் தெரியலீன்னு சொல்லு" என்று ஒருநாள் அதட்டினாள். காவேரிக்குக் கண் நிறைந்துவிட்டது. பொய்க்காரி என்று பேர் வாங்கிய பிள்ளை அதற்குமேல் எதையும் விளக்கவில்லை. புத்தகத்தோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

யாரைக் கேட்பது? வேறு வழியில்லாமல் ரைட்டர் பெரியசாமியையே கேட்டாள். அவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலை தெறித்தது.

"மனசுக்குள்ள படிக்குதா? நல்லாருக்குதே! நானு மனசுக்குள்ள பேரக் கூப்பிட்டா நீங்கெல்லாம் வேலைக்கு வருவீங்களா? அன்னிக்கே சொன்னேன், ரெண்டும் கலந்து ரெண்டும் போச்சு. பழம் சிவந்துட்டு வருது. அந்தப் புள்ளையக் கொண்டாந்து சீசனுக்குச் சேத்து உடு. கைவேலையாச்சும் படியட்டும்."

அன்று முழுக்க ராசம்மாளுக்குக் கை ஓடவில்லை. காவேரி தன் பக்கத்தில் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, குளிரில் கை விறைக்கப் பழம் பறிப்பதை நினைத்துப் பார்த்தாள். வேண்டவே வேண்டாம் என்றது மனசு. ஆனால் படிக்கத் தெரியாத பிள்ளையை இன்னும் எத்தனை நாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது? மறுநாள் வேலைக்குப் போகவில்லை. குறுக்குப் பாதையில் நடந்து ஏற்காட்டுக்குப் போனாள்.

வகுப்புக்கு வெளியே வந்து சன்னலில் எட்டிப் பார்த்தவள் திகைத்துப்போனாள். காவேரி மட்டுமா? வகுப்பு முழுக்க ஒவ்வொரு பிள்ளையும் புத்தகத்தை விரித்து வைத்து, வாயை மூடி, உம்மென்று உட்கார்ந்திருந்தது. ஜெயமேரி டீச்சர் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். மொத்தப் பிள்ளைகளுக்கும் வாய் கட்டிவிட்டதா, ஆத்தா காவேரி என்று ராசம்மாள், மகளுக்குப் பேர் கொடுத்த சேர்வராயன் மலை அம்மனைக் கூப்பிட்டாள்.

டீச்சர் வெளியே வந்தார். "வாங்க ராசம்மா, என்ன இந்நேரத்துக்கு?"

"ஏனுங் டீச்சர், எம்புள்ளைக்குப் படிப்பு மறந்துபோச்சுங்க."

"யாரு சொன்னாங்க?"

"நாந்தானுங்க தெனம் பாக்கறனே. புத்தகத்தை வெச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்குதுங்க. கேட்டா மனசுக்குள்ளாரங்குது. எந்நேரமும் கடகடன்னு படிச்ச புள்ளைங்க."

டீச்சருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். நல்ல மனுஷி, அடக்கிக்கொண்டார். உள்ளே கூட்டிப்போய் ராசம்மாளைத் தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தார். அலமாரியிலிருந்து யாரும் தொடாத ஓர் இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துக் காவேரி கையில் கொடுத்து, "படி" என்றார். காவேரி அம்மாவைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். வாய் மூடியே இருந்தது. கண் மட்டும் வரி வரியாக ஓடியது. பக்கம் திரும்பியது. மறுபடி திரும்பியது. புத்தகத்தை மூடினாள்.

"உங்கம்மாகிட்டத் தமிழ்ல சொல்லு."

"ஒரு கப்பல்ல ஒரு நாயி இருந்துச்சுங்கம்மா. தண்ணி புடிக்கறதுக்குன்னு ஒரு தீவுல கப்பலை நிறுத்தினாங்க. நாயி எறங்கி முயலைத் தொரத்திட்டு ஓடிப்போச்சு. இவுங்க மறந்துபோய்க் கப்பலை எடுத்துட்டாங்க. நாயி கரையிலயே நின்னு கத்துச்சு. தெனம் அதே எடத்துல வந்து நின்னுச்சு..."

காவேரி மூச்சு வாங்க நிறுத்தினாள். நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்ட ராசம்மாள், "அப்புறம் நாயி என்னாச்சு?" என்றாள். வகுப்பே சிரித்தது.

"திரும்பி வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்கம்மா."

இங்கிலீஷாகக் கண் வழியாகப் போனது தமிழாக வாய் வழியாக வந்துவிட்டது, நடுவில் ஒரு சத்தமும் இல்லை. மகளைப் பொய்க்காரி என்று சொன்ன வாயைச் சூடு போட வேண்டும் என்று நினைத்தாள்.

டீச்சர் அவளை வராந்தாவுக்குக் கூட்டி வந்தார். அவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. "போன மாசம் மறுபடியும் எல்லாப் புள்ளைங்களுக்கும் பரிட்சை வெச்சமுங்க. படிச்சுப் புரிஞ்சுக்கறதுல நம்ம வகுப்பு இங்கிலீஷ் வகுப்பைத் தாண்டிருச்சுங்க. அந்தப் பக்கம் நல்லா ஒப்பிக்கறாங்க, என்னன்னு கேட்டா முழிக்கறாங்க. நீங்க ஒருத்தர் தெனம் உக்காந்து கேட்டீங்களே, அது வீண் போகலீங்க." பிறகு சொன்னார்: "ஒண்ணு மட்டும். இந்த வருசம் முச்சூடும் ஊட்ல சத்தம் போட்டுப் படிக்க வெக்காதீங்க. சத்தம் போட்டாக் கண்ணு வாயோட வேகத்துக்குத்தான் போகும், பழக்கம் கெட்டுரும். கேக்கறதுக்கு இனி ஆள் வேண்டியதில்லீங்க. அந்தப் படியைத் தாண்டிட்டா."

"சரிங் டீச்சர்" என்றாள் ராசம்மாள்.

வருகிற வழியெல்லாம் பெருமையில் நெஞ்சு நிமிர்ந்து வந்தது. பெரியசாமியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாகக் கோத்துக்கொண்டாள். பாதி வழியில், தோட்டத்து வேலியோரம் மூச்சு வாங்க நின்றபோதுதான் மிச்சம் உறைத்தது. கேட்க ஆள் வேண்டியதில்லை. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். மகள் ஜெயித்துவிட்டாள். ஜெயித்ததனால் தனக்கு வேலை போய்விட்டது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள்.

அன்று சாயங்காலம் காவேரி ஓடி வந்தாள். கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. "அம்மா, அந்த நாயிப் புத்தகத்தை டீச்சர் குடுத்துட்டாங்க. முழுசாச் சத்தமாப் படிச்சுக் காட்டட்டுங்களா? நான் பாதி உட்டுப்போட்டுத்தான் சொன்னேன்."

வா கண்ணு, படி என்று சொல்ல ராசம்மாளுக்கு நாக்கு துடித்தது. மகளின் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவோம் என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வேண்டாஞ் சாமி. நீ உள்ளாரயே படிச்சுக்க. எனக்கு நொம்பச் சோலி கெடக்குது."

சோலி ஒன்றும் இல்லை. கழுவிய சட்டியை எடுத்து மறுபடி கழுவினாள். காவேரி சிறிது நேரம் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விளக்கடியில் போய் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தாள். படித்துக் காட்டட்டுமா என்று இன்னொரு தடவை அவள் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ராசம்மாளின் சாயங்காலங்கள் எப்படி இருந்தன என்று விவரமாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மகள் படித்தாள், இவள் பார்த்தாள். பக்கம் புரளும் சத்தம் ஒன்று இருந்தது, அதற்குக் காத்திருப்பாள். காவேரி புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தால் இவளும் சிரித்துவைப்பாள். "எதுக்கும்மா சிரிக்கறீங்க?" என்று மகள் கேட்டால், "நீ சிரிச்சியே, அதுக்குத்தான்" என்பாள். பெரிய வகுப்புக்குக் காவேரி சேலத்தில் விடுதிக்குப் போனபோது அந்தச் சிரிப்பும் போனது. ராசம்மாள் வேலை முடிந்து வந்து, களி கிண்டி, தின்று, விளக்கை அணைத்துப் படுத்தாள். தோட்டத்தில் அவள் இங்கிலீஷ் முணுமுணுப்பது நின்றுபோனது. கேலி செய்யவும் ஒன்றும் இல்லாமல்போனபோது அந்தப் பெண்களும் அவளை விட்டுவிட்டார்கள். யாரோடும் ஒட்டாதவள் என்ற பேர் அப்போதுதான் வந்தது.

காவேரி டீச்சருக்குப் படித்தாள். கல்யாணமாகி வாழப்பாடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மட்டும் தவறாமல் வருவாள். தொண்ணூற்று நாலில் அப்படி வந்துவிட்டுத் திரும்பும்போது, ராசம்மாள் பலாச்சுளைப் பொட்டணத்தோடு ஏற்காடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்தாள். பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். இரண்டு பேரும் நிழலில் நின்றார்கள். பேசுவதற்கு வழக்கம்போல ஒன்றும் இல்லை.

காவேரிதான் ஆரம்பித்தாள். "எங்க இஸ்கூல்ல தாய்மாரையெல்லாம் வரச் சொல்லி, புள்ளைங்க படிக்கறதைத் தெனம் ஊட்ல உக்காந்து கேளுங்கன்னு சொல்றனுங்கம்மா. யாரும் கேக்க மாட்டீங்கறாங்க. சலிப்பா இருக்குதுங்கறாங்க." கொஞ்சம் நிறுத்தி, சிரிப்பது மாதிரி வைத்துக்கொண்டு சொன்னாள். "நானு அவுங்களைக் கோவிச்சுக்கறதில்லை. உங்களுக்கே சலிச்சுப்போச்சே."

"எனக்கா? எனக்கெப்பக் கண்ணு சலிச்சுது?"

"அஞ்சாவதுல. நாயிக் கதைய நாங் கொண்டாந்தப்ப, சோலி கெடக்குது வேண்டாம்னுட்டீங்க. அதுக்கப்புறம் கேக்கவே இல்லீங்களே. அன்னிக்கு நானு நொம்ப நேரம் அழுதேன். உங்களுக்குத் தெரியாது."

"எனக்கென்ன சோலி சாமி? அந்த டீச்சரம்மாதான் சத்தம் போட்டாப் படிப்பு கெட்டுரும்னாங்க. நீ கெட்டுப்போவக் கூடாதேன்னுதான் வாய மூடிக்கிட்டேன்."

காவேரி அவளையே பார்த்தாள். "அது அந்த ஒரு வருசத்துக்குத்தானுங்கம்மா. பழக்கம் வர்ற வரைக்கும். ஆறாவது போனதும் இனிச் சத்தமாப் படிச்சாலும் ஒண்ணுமில்லைன்னு எங்ககிட்டச் சொல்லிட்டாங்க."

"ஒரு வருசத்துக்கா?"

"ஆமாங்கம்மா. நாந்தான், உங்களுக்குப் புடிக்கலையாட்ட இருக்குதுன்னு..."

டிரைவர் ஏறி எஞ்சினைக் கிளப்பிவிட்டார். கண்டக்டர் விசிலை ஊதி, "ஏறுங்க, ஏறுங்க" என்று அவசரப்படுத்தினார். காவேரி பொட்டணத்தை வாங்கிக்கொண்டு ஓடி ஏறினாள். சன்னல் பக்கம் வந்து உட்கார்ந்து என்னவோ சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் விழவில்லை. ராசம்மாள் கையை ஆட்டினாள். பஸ் வளைவில் திரும்பிவிட்டது.

அவள் அங்கேயே நின்றாள். கேட்டிருக்கலாம். விடுதிக்குப் போகும் வரையில் அத்தனை சாயங்காலமும், லீவுக்கு வந்த அத்தனை நாளும் கேட்டிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையும், அம்மா கேட்க மாட்டாளா என்று ஏங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. அதைவிட ஒன்று அவள் நெஞ்சை அறுத்தது. நானும் அதுக்குத்தான் ஏங்கிக் கிடந்தேன் கண்ணு என்று வாய் விட்டு ஒரு வார்த்தை சொல்வதற்குள் பஸ் போய்விட்டது. மகள் இனி அடுத்த திருவிழாவுக்குத்தான் வருவாள்.